மகளின் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை ஆலோசகரிடம் கொடுத்து இரண்டு மாதம் இழந்த கதை

அமெரிக்காவில் எம்.டி. படிப்புக்கு (அங்கே மருத்துவராவதற்கான முதல் மருத்துவப் பட்டமே அதுதான்) விண்ணப்பிக்கவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், குறிப்பாக அந்த விண்ணப்பத்தைக் காசு கொடுத்து யாரிடமாவது ஒப்படைத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள், இதைச் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். 2023ஆம் ஆண்டு கோடையில் நாங்கள் அப்படித்தான் ஓர் ஆலோசகரிடம் ஒப்படைத்தோம். கட்டணமாக வாங்கிக்கொண்டது நான்காயிரம் டாலர். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் செய்த பிழைகள் எவை என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

அவருடைய எண் எனக்குக் கிடைத்தது ஒரு கொலு வீட்டில். சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில், தன் உறவினர் பையனுக்கு அவர்தான் எல்லாம் செய்து கொடுத்தார் என்று ஒருவர் சொல்ல, நானும் வேறு விசாரணை எதுவும் இல்லாமல் அன்றிரவே அவரை அழைத்தேன். என் மகள் படித்த பல்கலைக்கழகத்திலேயே மருத்துவப் படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கென்று ஓர் ஆலோசனை அலுவலகம் இருந்தது, அதுவும் கட்டணமின்றி. அங்கே போகாமல் இவரிடம் போனது முழுக்க என் முடிவு.

எம்.டி. பட்டம் தரும் மருத்துவப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். அதில் கட்டுரைகளைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்களே தவிர, கல்லூரிப் பாடங்களைப் பதியும் பகுதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. படித்த ஒவ்வொரு பாடத்தின் எண், பெயர், கிரெடிட், மதிப்பெண், செமஸ்டர், பாடப்பிரிவு ஆகியவற்றை டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரி தரும் மதிப்பெண் பதிவேட்டில், உள்ளபடியே மாணவர் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு ஆம்காஸ் ஊழியர்கள், கல்லூரி நேரடியாக அனுப்பிய டிரான்ஸ்கிரிப்டோடு அதை வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். அந்தச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் விண்ணப்பம் பள்ளிகளுக்குப் போகும். கோடையில் கூட்டம் மிகும்போது அதற்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. விண்ணப்பங்கள் வந்துசேரச் சேர நேர்காணலுக்கு அழைத்து இடங்களை நிரப்பிக்கொண்டு போகும் முறை என்பதால், ஜூலையில் போய்ச் சேரும் விண்ணப்பமும் செப்டம்பரில் போய்ச் சேரும் விண்ணப்பமும் ஒன்றல்ல.

"அக்கா, அது வெறும் டேட்டா என்ட்ரி வேலை, என் டீம் பாத்துக்கும்" என்றார் ஆலோசகர். மகளுக்கு அப்போது ஆய்வக வேலை இருந்தது. கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்துவிட்டோம்.

முதல் பிழை, இருப்பதிலேயே பெரியது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும்போதே பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் எடுக்கும் டூயல் என்ரோல்மென்ட் முறையில் எங்கள் ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு பாடங்கள் எடுத்திருந்தாள்: புள்ளியியலில் பி வாங்கினாள், அமெரிக்க வரலாற்றைப் பாதியில் விட்டதால் டபிள்யூ என்று பதிவாகியிருந்தது. பள்ளிக்கூடக் காலத்தில் எடுத்தவைதானே, புள்ளியியல் கிரெடிட்டும் பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டில் மாற்றலாக வந்துவிட்டதே என்று சொல்லி அந்தக் கல்லூரியையே அவர் விண்ணப்பத்தில் சேர்க்கவில்லை. விதி இதற்கு நேர் எதிரானது. அமெரிக்காவிலோ கனடாவிலோ எந்த உயர்கல்வி நிறுவனத்தில் ஒரு பாடத்துக்குப் பதிவு செய்திருந்தாலும், அதில் கிரெடிட் கிடைத்திருந்தாலும் கிடைக்காவிட்டாலும், பாதியில் விலகியிருந்தாலும்கூட, அந்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிட்டு அங்கிருந்து தனி டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பச் செய்ய வேண்டும். பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடத்துக்கென்றே தனி அடையாளம் அந்தப் படிவத்தில் இருக்கிறது. அதன் மதிப்பெண் ஜி.பி.ஏ. எனப்படும் சராசரி மதிப்பெண் கணக்கிலும் சேரும். பாடத்தை எங்கே படித்தோமோ அந்தக் கல்லூரியின் கீழ்தான் எழுத வேண்டுமேயன்றி, கிரெடிட் மாறிப் போன இடத்தின் கீழ் அல்ல.

இரண்டாவது, ஏ.பி. தேர்வுகள்; பள்ளியிலேயே எழுதி, ஐந்துக்கு வாங்கும் மதிப்பெண்ணைப் பொறுத்துக் கல்லூரிக் கிரெடிட் பெறக்கூடியவை. உயிரியல், வேதியியல், கால்குலஸ், ஆங்கிலம் என்று நான்கு ஏ.பி. தேர்வுகளை மகள் எழுதியிருந்தாள். முதல் மூன்றுக்குப் பல்கலைக்கழகம் கிரெடிட் கொடுத்தது; ஆங்கிலத்தில் 3 வாங்கியதால் அதற்குக் கொடுக்கவில்லை. ஆலோசகரின் ஆட்கள் நான்கையும் பள்ளி ஆண்டுகளின் கீழ் பதிந்து, 5 வாங்கியவற்றுக்கு ஏ என்றும் 3 வாங்கியதற்கு பி என்றும் தாமாகவே மதிப்பெண் போட்டிருந்தார்கள். கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் கிரெடிட்டாக ஏறியிருக்கும் ஏ.பி.யை மட்டுமே எழுத வேண்டும். அந்தக் கிரெடிட் முதன்முதலில் வழங்கப்பட்ட செமஸ்டரின் கீழ், ஏ.பி. என்று வகை குறித்து எழுத வேண்டும். அது ஜி.பி.ஏ. கணக்கில் சேரவே சேராது. பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டின் உச்சியில் அந்த மூன்று வரிகளும் கிரெடிட் எண்ணிக்கையோடு, மதிப்பெண் என்று எதுவும் இல்லாமல் நிற்கின்றன. அதைக் கண்ணால் பார்த்த ஒருவர் அங்கே ஏ என்று எப்படித் தட்டச்சு செய்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மூன்றாவது பிழைக்கு மட்டும் ஒரு காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. ஆர்கானிக் வேதியியலில் முதல்முறை சி வாங்கிய மகள், அதே பாடத்தை மீண்டும் எடுத்து ஏ வாங்கினாள். புதிய மதிப்பெண் பழையதை அழித்துவிடும் என்று சொல்லி அந்த சி வரியையே அவர் நீக்கிவிட்டார். எம்.டி.க்குப் பதிலாக டி.ஓ. என்ற மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி மருத்துவப் பள்ளிகளுக்கான விண்ணப்பச் சேவையில் ஒரு காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. 2017இல் அங்கேயும் அதை நிறுத்திவிட்டார்கள். ஆம்காஸ் கணக்கில் இரண்டு முயற்சிகளும் சேரும், கல்லூரி தன் கணக்கில் பழைய மதிப்பெண்ணை விட்டுவிட்டாலும்கூட. இவை போதாதென்று, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கையும் சேர்த்துத் தனியே போடும் அறிவியல் ஜி.பி.ஏ.வை உயர்த்துவதற்காக உளவியல் பாடங்களையும் உயிரியல் என்று பதிந்திருந்தார்கள்.

ஜூன் 5ஆம் தேதி சமர்ப்பித்தோம். ஜூலை நடுவில் ஒரு காலை, மகள் சமையலறைக்கு வந்து கைபேசியை என்னிடம் நீட்டினாள். விடுபட்ட பாடங்களும் பிழைகளும் மிகுதியாக இருப்பதால் சரிபார்க்க இயலவில்லை என்று சொல்லி, விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அன்று மாலையே டிரான்ஸ்கிரிப்டை மேசைமேல் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியின்மேலும் அடிக்கோலை வைத்து நகர்த்தியபடி, அவள் எல்லாவற்றையும் புதிதாகப் பதியத் தொடங்கினாள். மூன்று மாலைகளில் முடித்துவிட்டாள். வெறும் மூன்று மாலைகள்! கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்ட்தான் இழுத்தடித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய நூலக அபராதம் பதினெட்டு டாலர் பாக்கி இருப்பதாகச் சொல்லி அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைக் கட்டி, டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்து, ஜூலைக் கடைசியில் மீண்டும் சமர்ப்பித்து, வரிசையின் கடைசியில் நின்று, சரிபார்ப்பு முடியச் செப்டம்பர் முதல் வாரம் ஆகிவிட்டது. அவளோடு அதே வாரத்தில் சமர்ப்பித்த தோழிக்கு அது ஜூலைத் தொடக்கத்திலேயே முடிந்திருந்தது.

ஆலோசகரை அழைத்தபோது, இறுதியாக உறுதிமொழிப் பெட்டியில் டிக் செய்தது உங்கள் மகள்தானே என்று கேட்டார். அந்த ஒன்றில் அவர் சொன்னது சரி. உள்ளே எழுதியிருப்பது எல்லாம் உண்மையும் முழுமையும் என்று சான்றளிப்பவர் விண்ணப்பதாரர் மட்டுமே. படித்ததை மறைத்ததாகவோ மதிப்பெண்ணைத் திரித்ததாகவோ சந்தேகம் எழுந்து விசாரணைக்குப் போனால், அந்த அறிக்கை பள்ளிகளுக்குப் போய்ச் சேரும்போது அதில் ஆலோசகரின் பெயர் இருக்காது. எங்கள் விண்ணப்பம் வெறும் பிழையென்று திரும்பி வந்ததோடு நின்றது எங்கள் நல்லகாலம். இருபது பள்ளிகளுக்கு விண்ணப்பித்தால் ஆம்காஸ் கட்டணம் மட்டுமே ஆயிரம் டாலரைத் தாண்டும். அந்தப் பணத்தைவிட, ஏ என்று பொய்யாக நின்ற அந்த வரிகள்தான் எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தன.

கட்டுரையைத் திருத்த யாருடைய உதவியை வேண்டுமானாலும் நாடுங்கள். பாடங்களைப் பதியும் பகுதியை மட்டும் பிள்ளையே உட்கார்ந்து செய்யட்டும். அதற்கான விதிகளை அந்தச் சங்கமே ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பதாரர் கையேடாக இலவசமாக வெளியிடுகிறது. இவ்வளவும் அதில் இருந்ததை நான் ஆகஸ்டில்தான் படித்தேன். ஏ.பி. கிரெடிட் இருக்கிறதென்று அடிப்படைப் பாடத்தை விட்டுவிடுவதற்கு முன்னும் விசாரித்துக்கொள்ளுங்கள். சில மருத்துவப் பள்ளிகள் அதை ஏற்பதில்லை, சில பள்ளிகள் அதே துறையில் அதைவிட உயர்ந்த கல்லூரிப் பாடம் ஒன்றையும் கேட்கின்றன.

மகளுக்கு ஒரே ஒரு நேர்காணல் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்து, மறு ஆண்டு மே மாதத்தின் கடைசியில் இடம் கொடுத்தார்கள். மற்ற பள்ளிகள் அழைக்காததற்குத் தாமதம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்தச் செய்தி எப்படியோ ஆலோசகரின் காதுக்கும் எட்டி, மகளின் புகைப்படத்தைத் தம் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாமா, இரண்டு வரி பாராட்டு எழுதித் தர முடியுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். கட்டணத்தில் பாதியையாவது திருப்பித் தரும்படி நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களுக்கு அதுவரை அவரிடமிருந்து பதில் வந்திருக்கவில்லை.