பிளெண்டர்: மந்திரசாலைத் தரையை வைத்து ஒரு மதிப்பீடு

தக்கலையில் வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே படமாக்கிக் காட்ட பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். 2002-ல் ஒரு லட்சம் யூரோ நன்கொடை திரட்டி, இதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். இன்றுவரை ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆனால் எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. வெளிச்சத்தின் கணக்கை ஒளித்து வைக்காமல் நம் கையிலேயே கொடுத்துவிடுகிறது.

பத்மநாபபுரம் அரண்மனையில் ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் தரையைப் பார்த்திருப்பீர்கள். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்பார்கள். காலடியில் பார்த்தால் வெறும் கறுப்பு. நாலு எட்டு தள்ளி, எதிர்ச்சுவர்ப் பக்கம் பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் முழுக்கத் தரையில் கிடக்கும். ஒரே தரைதான், பார்க்கும் கோணம்தான் வேறு. கண்ணாடி போன்ற பரப்பில் நேர்குத்தாக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம்தான் திரும்பி வரும். சரிந்து விழ விழ அது கூடிக்கொண்டே போய், தரையை உரசிச் செல்லும் கோணத்தில் 100 சதவீதத்தை நெருங்கிவிடும். பிரெஞ்சுக்காரர் ஃப்ரெனெல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய சமன்பாடு இது. 1994-ல் ஷ்லிக் இதற்கு ஒரு சுருக்கு வழி கொடுத்தார்: நேர்குத்தில் இருந்து ஒளி சரிந்த கோணத்தின் கொசைனை 1-ல் இருந்து கழித்து, ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தி, மீதி 96 சதவீதத்தால் பெருக்கி, அந்த 4 சதவீதத்தோடு கூட்டினால் ஏறக்குறைய விடை வந்துவிடும். ஒரு விநாடிக்குள் பல லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டிய கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு அது பெரிய உதவி.

பிளெண்டரில் நிறத்தைக் கறுப்பாக்கி, ஐ.ஓ.ஆர். என்ற ஒளிவிலகல் எண்ணை 1.5 என்று வைத்தால் போதும், மீதிக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும். ரஃப்னஸ், அதாவது பரப்பின் சொரசொரப்பை, 0 என்று விட்டால் ஷோரூம் டைல்ஸ் ஆகிவிடும். 0.15 பக்கம் கொண்டுவந்தால்தான் தலைமுறை தலைமுறையாக ஆள் நடந்த தரையின் மங்கல் வரும். இதே முறையில் சிவப்பு ஆக்சைடு தரை போட்டுக் காட்டினேன். வீட்டுக்காரர் திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு "கொள்ளாம்" என்றார். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

வீட்டுக்குள் நடந்து போவது போல் வீடியோ எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கேமரா திரும்புவதை மூன்று அச்சுகளில் ஒவ்வொன்றாகச் சொல்லும் ஆய்லர் கோணத்தில் நடு அச்சு 90 பாகை திரும்பினால் மற்ற இரண்டு அச்சும் ஒன்றாகிவிடும். கேமரா வெட்டி இழுக்கும். திருப்பத்தை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் ரொட்டேஷன் மோடை குவாட்டர்னியனுக்கு மாற்றுங்கள்; அதில் ஒரு திருப்பத்தை நான்கு எண்கள் சேர்ந்து சொல்லும், அச்சுகள் ஒன்றாகிவிடும் சிக்கல் வராது. 1843-ல் ஹாமில்டன் கண்டுபிடித்த எண்கள் அவை.

குறையும் உண்டு. பிளெண்டரில் கடைசிப் படத்தைக் கணக்கிட்டுத் தரும் சைக்கிள்ஸ் எஞ்சின் ஒளிக்கதிர்களை ஏதேச்சையான திசைகளில் அனுப்பிச் சராசரி எடுக்கிறது. படத்தில் தெரியும் புள்ளி இரைச்சல் பாதியாகக் குறைய, கதிர்களை நான்கு மடங்காக்க வேண்டும். சின்ன ஜன்னல் வைத்த நாலுகெட்டு வீட்டு அறை என்றால், கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ஓடும். புள்ளி இரைச்சலைத் துடைக்கும் டீநாய்ஸர் போட்டால் சீக்கிரம் முடியும். ஆனால் மரச்செதுக்கல்களை மெழுகிவிடுகிறது. தூண், கதவு வேலைப்பாடு காட்டும் படத்துக்கு அதை அணைத்துவிட்டு விடியும்வரை ஓடவிடுங்கள்.