பனித்தளமும் பந்தயத்தடமும்: பிரிக்பீல்ட்ஸ் புதிர்ப்போட்டி ஒரு மதிப்புரை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் மாதந்தோறும் தமிழில் விளையாட்டுப் புதிர்ப்போட்டி நடைபெறுகிறது. அதன் ஏற்பாட்டாளர்கள் அண்மையில் எடுத்துக்கொண்ட தலைப்பு துணிச்சலானது: ஸ்பீட் ஸ்கேட்டிங் எனும் பனிச்சறுக்கு வேகப்போட்டி நடக்கும் அரங்குகளுக்கும் மோட்டார் பந்தயத்தடங்களுக்கும் உள்ள தொடர்புகள். இரவு உணவு உட்பட ஒருவருக்கு 35 ரிங்கிட். நால்வர் ஒரு குழுவாக அமர வேண்டும். காற்பந்தும் பூப்பந்துமே பேச்சாக இருக்கும் நம் ஊரில் இதற்கு யார் வரப்போகிறார்கள் என்று ஐயுற்றவர்களுக்கு, நிரம்பியிருந்த மேசைகளே பதில் சொல்லின.

இந்தப் போட்டியை நான் மனமாரப் பாராட்டுவது அதன் வினாக்கள் அமைக்கப்பட்ட முறைக்காக. வென்றவர் பெயரையும் ஆண்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொல்லாமல், இரண்டு விளையாட்டுகள் ஏன் ஒரே நிலத்தில் வந்து சேர்ந்தன என்று சிந்திக்க வைத்தார்கள். விடையைச் சொன்னதும் நெறியாளர் அதன் காரணத்தையும் இரண்டு நிமிடம் விளக்கினார். கட்டணத்துக்கு உரிய மதிப்பு அந்த விளக்கங்களில்தான் இருந்தது.

மிகச் சிறந்த வினா அமெரிக்காவின் மில்வாக்கியைப் பற்றியது. அந்நகரை ஒட்டிய வெஸ்ட் அல்லிஸில் உள்ள விஸ்கான்சின் மாநிலக் கண்காட்சி வளாகத்தில், 1903 முதல் கார்கள் ஓடிவரும் ‘மில்வாக்கி மைல்’ தடமும், 1992 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்ட பெட்டிட் தேசியப் பனி மையமும் அருகருகே இருக்கின்றன. புகழ்பெற்ற இண்டியானாபோலிஸ் தடமே 1909-இல்தான் வந்தது என்பதை நினைத்தால் மில்வாக்கியின் பழமை விளங்கும். முதலில் குதிரைகள் ஓடிய தடத்தில் பின்னர் கார்கள் ஓடின; கண்காட்சிக்கென ஒதுக்கப்பட்ட பரந்த பொதுநிலத்தில் 400 மீட்டர் பனித்தடத்துக்கும் இடம் கிடைத்தது. 1988 குளிர்கால ஒலிம்பிக்கில் தம் சகோதரியை இழந்த துயரத்தோடு களமிறங்கி இரண்டு ஓட்டங்களிலும் விழுந்து, 1994-இல் லில்லஹாமர் போட்டியின் 1000 மீட்டரில் உலகச் சாதனையுடன் தங்கம் வென்ற டான் ஜான்சன், இதே வெஸ்ட் அல்லிஸைச் சேர்ந்தவர். இதை நெறியாளர் சொன்னபோது, விடை தெரியாத குழுக்களும் கைதட்டின.

இத்தாலியின் தூரின் நகரைப் பற்றிய வினாவும் அதற்குச் சளைத்ததன்று. 1923-இல் திறக்கப்பட்ட ஃபியட் நிறுவனத்தின் லிங்கோட்டோ ஆலையில் கார்கள் மாடி மாடியாக மேலேறியபடியே உருவாகி, இறுதியில் கூரையின் மீதிருந்த சாய்வான வளைவுகள் கொண்ட தடத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டன. 1982-இல் உற்பத்தி நின்றுவிட்ட அந்த ஆலையின் பக்கத்தில்தான் 2006 குளிர்கால ஒலிம்பிக்குக்கான ஸ்பீட் ஸ்கேட்டிங் அரங்கமான ஓவல் லிங்கோட்டோ எழுந்தது. அங்கு இத்தாலியின் என்ரிகோ ஃபாப்ரிஸ் இரண்டு தங்கம் வென்றார்.

ஜெர்மனியின் இன்ஸெல் அரங்கில், ஸ்பீட் ஸ்கேட்டிங் நடக்கும் பனியிலேயே ஆணி பதித்த சக்கரங்களும் பிரேக் இல்லாத வண்டிகளுமாக மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடப்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். இன்னும் சற்று நின்று விளக்கியிருக்கலாம்.

குறைகள் இரண்டு. ரஷ்யாவின் சோச்சியில் 2014 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த பூங்காவைச் சுற்றியே 5.848 கிலோமீட்டர் பந்தயத்தடம் அமைத்து, அதே ஆண்டு அக்டோபரில் பார்முலா 1 பந்தயம் நடத்தினார்கள். அதை லூயிஸ் ஹாமில்டன் வென்றார். அத்தடத்தை வடிவமைத்த ஹெர்மன் டில்கேதான் நம் சிப்பாங் தடத்தையும் வடிவமைத்தவர் என்பதால் அரங்கமே உற்சாகமடைந்தது. ஆனால் ‘பனியில் வேகப்போட்டி நடந்த அரங்கு எது’ என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, அட்லர் அரங்கம் என்ற விடைக்கு மட்டுமே புள்ளி கொடுத்தது முறையன்று. 400 மீட்டர் தடத்தில் இருவர் இருவராக நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம் அட்லரில் நடந்தது. பலர் கூட்டமாக ஓடும் ஷார்ட் டிராக் ஐஸ்பெர்க் அரங்கில் நடந்தது. இரண்டுமே வேகப்போட்டிதான்.

பெய்ஜிங் வினாவும் இழுத்துக் கட்டிய முடிச்சாகத் தெரிந்தது. 2014 செப்டம்பர் 13 அன்று நடந்த பார்முலா ஈ எனும் மின்கார் தொடரின் முதல் பந்தயம், 2008 ஒலிம்பிக் நடந்த பறவைக்கூடு அரங்கைச் சுற்றி ஓடியது; 2022 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட ‘ஐஸ் ரிப்பன்’ ஸ்பீட் ஸ்கேட்டிங் அரங்கமோ முன்பு ஹாக்கி, வில்வித்தைத் திடல்கள் இருந்த வேறோர் இடத்தில் நிற்கிறது. அத்தொடரின் இரண்டாவது பந்தயம் நவம்பர் 22 அன்று நம் புத்ராஜெயா வீதிகளிலேயே நடந்தது என்பதைக் கேட்டிருந்தால் பலருக்குப் புள்ளி கிடைத்திருக்கும்.

உணவில் குறையில்லை, வாழையிலைச் சாப்பாடு சூடாக வந்தது. ஒலிபெருக்கி மட்டும் பின்வரிசைக்குத் தெளிவாக எட்டவில்லை. எனவே முன்னால் இடம் கேட்டுப் பதிவு செய்வது நல்லது.

ஏற்பாட்டாளர்கள் இத்தலைப்பை மீண்டும் நடத்துவதாக இருந்தால், 2017-ஆம் ஆண்டைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அந்த ஆகஸ்டில் கோலாலம்பூர் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாகப் பனி விளையாட்டுகள் இடம்பெற்று, டாமன்சாரா பெர்டானாவில் ஷார்ட் டிராக் ஓட்டம் நடந்தது. அக்டோபர் 1 அன்று சிப்பாங்கில் மலேசியாவின் கடைசி பார்முலா 1 பந்தயத்தை மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்றார். அந்தப் பனியையும் அந்தத் தடத்தையும் நேரில் பார்த்தவர்கள் அன்றைய மேசைகளிலேயே இருந்திருப்பார்கள்.