லான்காஸ்டர் ஆமிஷ் குவில்ட்: திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், லான்காஸ்டர் கவுண்டியில் எளிய வாழ்க்கை வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தார் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைதான் ஆமிஷ் குவில்ட். அந்த ஊரின் அடையாளமான ‘டயமண்ட் இன் தி ஸ்கொயர்’ வடிவம் பார்க்க எளிது, தைக்கக் கடினம். முனையில் நிற்கும் பெரிய சதுரம், சுற்றிலும் நான்கு முக்கோணங்கள், ஒல்லியான உள்கரை, அகன்ற வெளிக்கரை. அவ்வளவுதான். பூப்போட்ட துணியே கிடையாது. ஊதா, அடர்சிவப்பு, கரும்பச்சை என எல்லாம் ஒற்றை நிறம். அதனால் தையலில் விழுந்த பிசகு எதுவும் ஒளிய இடமில்லை.

துண்டுகளை மெஷினில் இணைத்திருந்தால் குறை சொல்ல வேண்டாம்; மிதி மெஷின் அங்கே பழைய வழக்கம். காசு கொடுப்பது மேல்துணி, பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் சேர்த்துக் கையால் போட்ட ஓட்டுத் தையலுக்கு. மேல்பக்கம் ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். 8 முதல் 10 வந்தால் நல்ல கை. 12 அபூர்வம். இடைவெளி இல்லாமல் ஒரே கோடாக ஓடினால் அது மெஷின் வேலை. பிறகு திருப்பிப் போடுங்கள். முடிச்சைச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் புதைப்பதுதான் முறை. பின்பக்கம் முடிச்சு துருத்திக்கொண்டிருந்தால் கற்றுக்குட்டி வேலை.

தரையில் விரித்தால் நடுச்சதுரத்தின் ஓரம் அலையடிக்கிறதா? அதோடு சேரும் முக்கோணத்தின் நீளப்பக்கம் துணியின் இழைகளுக்கு மூலைவாட்டில் வெட்டுப்படுவது. தைக்கும்போது இழுத்தால் நீண்டுவிடும். இஸ்திரி போட்டாலும் சரியாகாது.

இன்றைய குவில்ட்களில் என் பெரிய புகார் பாலியஸ்டர் பஞ்சு. வெள்ளை இழைகள் இருண்ட துணியைத் துளைத்து வெளியே வந்து தூசு படிந்ததுபோல் நிற்கும். பருத்திப் பஞ்சு கேட்டு வாங்குங்கள். சிவப்புத் துண்டின் மேல் ஈர வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்துவிடுங்கள். சாயம் ஒட்டினால் முதல் துவையலிலேயே பக்கத்து நிறம் கெடும்.

‘ஆமிஷ் கைவேலை’ என்ற சீட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். 1980களிலிருந்து லாவோஸ் நாட்டிலிருந்து வந்து அங்கே குடியேறிய மொங் இனப் பெண்களும் இந்தக் கடைகளுக்குத் தைத்துத் தருகிறார்கள். பலருடைய தையல் அருமையானது; பெயர்தான் சீட்டில் வருவதில்லை. மற்றவற்றோடு பொருந்தாத நிறத்தில் தைத்த துண்டைக் காட்டி, ‘கடவுள் மட்டுமே குறையற்றவர் என்று வேண்டுமென்றே விட்ட பிழை’ என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.