சேவல் கூண்டு செய்யக் கொடுக்கிறீர்களா? முன்பணம் நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வெட்டவெளியில் நிற்கிற மாதிரி, சேவல்களுக்கு உறுதியான கூண்டு ஒன்று செய்துதரச் சொல்லி ஒரு பட்டறைக்காரரிடம் கொடுத்தேன். முக்கால்வாசிப் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டு, ஒரு மழைக்காலம்கூடத் தாங்காத சாமானைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். ஆளின் பெயரைப் போடப்போவதில்லை. இதே வேலையை இதே லட்சணத்தில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கெங்கே கை வைக்கிறார்கள் என்று தெரிந்தால் அதுவே போதும்.

முதலில் கை வைப்பது கம்பியின் கனத்தில். பேசியது 14 கேஜ் வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வெல்டு செய்த வலை. கேஜ் என்பது கம்பிக் கனத்தைச் சொல்லும் எண். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் சுருளை இறக்கி, பாதிக் கூண்டுக்கு அடித்தும் முடித்திருந்தார்கள். மெல்லிசாக இருக்கிறதே என்று கேட்டேன். "இது 20 கேஜ் அண்ணே, 14-ஐ விட உசத்தி. உங்களுக்காக அதே ரேட்டுக்குப் போட்டிருக்கேன்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். கேஜ் கணக்கு தலைகீழ். எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 14 கேஜ் சுமார் 2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.6, 20 கேஜ் 0.9. விட்டம் பாதியானால் உள்ளே இருக்கும் இரும்பு கால்வாசியாகிவிடும். இதைச் சொன்னதும் பேச்சை மாற்றி, "அது கூரைக்கு மட்டும்தான், சுத்துச் சுவருக்கு 14 வருது" என்றார். வேலை முடிந்தபின் வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்து அளந்தால் நாலு பக்கமும் அதே கம்பி.

அடுத்தது துத்தநாகப் பூச்சு. இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. ஏற்கெனவே பூச்சுப் போட்ட கம்பியை வாங்கி வெல்டு வைத்த மெஷ் ஒரு வகை. வெல்டு வைத்து முடித்த வலையை உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது இன்னொரு வகை. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெல்டுச் சூடு அதற்கு மேலே எங்கோ போகும். ஆகவே முதல் வகையில் கம்பிகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் பூச்சு எரிந்து, இரும்பு வெறுமனே நிற்கும். துரு அங்கேதான் பிடிக்கும். முக்கியெடுத்த மெஷ்ஷில் அந்தச் சந்திப்பு துத்தநாகத்தால் மூடி மழுங்கலாக இருக்கும். கிட்டப்போய்ப் பார்த்தாலே தெரியும். எனக்கு வந்தது முதல் வகை. விலைக்கு ஏற்ற சாமான் என்றால் அதையும் வாங்கலாம், தப்பில்லை. இவர் செய்தது அது இல்லை. கருகிய புள்ளிகளின் மேல் சில்வர் பெயின்ட் ஓட்டி, "முழுக்க ஜிஐ" (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று காந்தத்தை வேறு ஒட்டிக் காட்டினார். பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே இரும்புதானே, காந்தம் ஒட்டத்தான் செய்யும். ஒரு நாணயத்தை எடுத்துச் சந்திப்பைச் சுரண்டிப் பாருங்கள். பெயின்ட் என்றால் செதில் செதிலாக வந்துவிடும்.

ஈர எச்சம் வலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தால் இந்தத் துரு இன்னும் வேகம் பிடிக்கிறது. எனக்குக் கீழ் வரிசை முழுக்கத் தொட்டாலே உதிரும் நிலைக்கு வந்தது.

வலையைச் சட்டத்தோடு பிணைத்த விதம் இன்னும் மோசம். பட்டை வைத்துத் திருகாணி போடுவதாகப் பேச்சு. போட்டது வெள்ளை நைலான் டை. வெயில் பட்டுப்பட்டு நொறுங்கிப்போகிற சாமான் அது. கால்களை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்துவதாகச் சொன்னவர், ஒரு சாண் தோண்டி மேலே சிமென்ட்டைப் பூசி மெழுகியிருக்கிறார். மழையில் மண் இளகியதும் மூலைக்கால் சாய்ந்தது, டைகள் பட்பட்டென்று விட்டன. ராத்திரி ஒரு நாய் அந்த மூலையில் வலையை வாயால் கவ்வி இழுத்து, தலை நுழையும் அளவுக்குச் சுருட்டிவிட்டது. ஒரு சேவல் போய்விட்டது; இன்னொன்றுக்குத் தொடையில் ஆழமான காயம், நடை திரும்ப நாளாயிற்று.

இதற்கு அவர் சொன்ன பதில்: "நாய்க்கு நான் என்ன அண்ணே பண்ண முடியும்?"

அறைகளுக்கு நடுவே தகரம் அடிக்கச் சொல்லியிருந்தேன். காற்று வராது என்று அங்கேயும் வலையையே அடித்துவைத்தார். சேவல் வளர்ப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை: எதிரில் இன்னொரு சேவல் தெரிந்தால் நாள் முழுக்க வலையோடு மோதல்தான். கொண்டை கிழியும், கால் முள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். தரையிலிருந்து குறைந்தது இரண்டடிக்கு மறைப்பு வேண்டும், அதற்கு மேலே வலை. காற்று தாராளமாக வரும். நின்று தூங்கும் கம்பையும் வழுவழு ஜிஐ குழாயில், தோள் உயரத்தில் போட்டிருந்தார். கனத்த சேவல் அங்கிருந்து சிமென்ட் தரையில் குதித்தால் பாதத்தில் புண் வந்து சீழ் கட்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

பில்லில் இருந்தது ஒரே வரி: "ஹெவி மெஷ் கூண்டு, 1 செட்." அதை வைத்து எங்கே போய்க் கேட்பது? நீங்கள் கொடுப்பதாக இருந்தால் கம்பிக் கனத்தை மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். கண்ணியின் அளவு, துத்தநாகப் பூச்சு வெல்டுக்குப் பிறகா முன்பா, கால் எத்தனை அடி ஆழம் என்பதும் பில்லிலேயே வரட்டும். "ஹெவி", "ஒரிஜினல்" எல்லாம் அளவு இல்லை. சுருள் இறங்கும்போது அளக்க ஓர் ஆள் நிற்கட்டும். குழியை நீங்கள் பார்க்காமல் கான்கிரீட் விழக்கூடாது. பெரிய தொகை கடைசியில்தான் கைமாற வேண்டும். எழுதித் தர இழுப்பவர் என்றால் வேறு பட்டறையைப் பாருங்கள்.

இப்போது வேறு ஆளை வைத்து அடியில் செங்கல் வரிசை ஒன்று கட்டி, அதன் மேல் புது மெஷ் ஏற்றியிருக்கிறேன். வெளிப்பக்கம் சுற்றிலும் இரண்டடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்கவைத்து ஆணி இறக்கியாயிற்று. தோண்டும் பிராணிகள் சுவரை ஒட்டித்தான் பறிக்கும். வலை தட்டினால் விட்டுவிடும். கதவுத் தாழில் ஸ்பிரிங் கொக்கி.

பழையவருக்குக் கொஞ்சம் பாக்கி வைத்திருந்தேன், தாழ் மாட்டாமல் போனதற்காக. கால் சாய்ந்தபோது எடுக்காத போன், இந்தப் பாக்கிக்கு மட்டும் தவறாமல் வருகிறது. உதிர்ந்த மெஷ்ஷை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், வந்து அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். இதுவரை ஆளைக் காணோம்.