ஸ்டாலா, பட்டறையா, தெருப் பொறுப்பாளரா? தன்னார்வச் சுற்றுச்சூழல் குழு தன் நேரத்தை எதில் போடலாம்

நகராட்சி நியமிக்கும் தன்னார்வச் சுற்றுச்சூழல் குழுவில் ஏழெட்டுப் பேர் இருந்தாலே பெரிது. சம்பளம் கிடையாது, தனி ஊழியர் கிடையாது. அதனால் மக்களைச் சென்றடையத் திட்டம் போடும்போது முதலில் எண்ண வேண்டியது கையிலுள்ள மணி நேரத்தைத்தான். ஆளுக்கு மாதம் நான்கு மணி என்றால் ஏழு பேருக்கு ஆண்டுக்கு 336 மணி. மாதக் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தால் அதில் பாதி போய்விடும். கையில் நிற்பது 168.

இந்த 168 மணியை எந்த வழியில் போடுவது என்று ஒப்பிட, இலக்கு ஒரே செயலாக இருக்க வேண்டும். ‘விழிப்புணர்வு’ என்று இலக்கு வைத்தால் எல்லா வழியும் நன்றாகத்தான் தெரியும். இங்கே சமையலறைக் கழிவைத் தனி வாளியில் பிரித்துப் போடுவதை எடுத்துக்கொள்கிறோம்.

விழா ஸ்டால்

எல்லாக் குழுக்களும் முதலில் கை வைப்பது இதில்தான். ஐந்து மணி நேர விழாவுக்கு எப்போதும் இருவர் நின்றால் 10 மணி. மேசை போட்டு எடுக்க 4, முன் தயாரிப்புக்கு 6. ஆக 20 மணி. கூட்டம் வரும், படம் நன்றாக இருக்கும். ஆனால் ஸ்டாலில் நின்று பேசுகிறவர்களில் பலர் ஏற்கெனவே கழிவைப் பிரிப்பவர்கள். மற்றவர்கள் துண்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார்கள்.

ஸ்டாலைச் சொல்லும் இடமாக வைக்காமல் கேட்கும் இடமாக மாற்றினால் அந்த 20 மணிக்குப் பலன் உண்டு. மேசையில் நிஜப் பொருள்கள் பன்னிரண்டை வையுங்கள்: தேயிலைப் பை, எண்ணெய் படிந்த அட்டைப் பெட்டி, காகிதக் கப், ‘மக்கும்’ என்று அச்சிட்ட ஸ்பூன், முட்டை ஓடு இப்படி. எதிரே இரண்டு வாளி. வருபவரே எடுத்துப் போடட்டும். முட்டை ஓட்டைத் தயங்காமல் போடுவார்கள். காகிதக் கப் கைக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினால், அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படாது. ‘மக்கும்’ ஸ்பூனும் அப்படித்தான்: அதன் தரச் சோதனை 58 டிகிரி செல்சியஸ் அளவிலான உர ஆலைச் சூட்டில் நடக்கிறது, வீட்டு உரக் குழியில் அந்தச் சூடு நிலைத்து நிற்காது. எந்தப் பொருளில் அதிகம் பேர் தவறுகிறார்கள் என்று ஒருவர் கோடு போட்டு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த நோட்டீஸில் எதை எழுதுவது என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

பெயர்ப் பட்டியலில் ‘தகவல் பெற விருப்பமா?’ என்று கேட்காதீர்கள். ‘உங்கள் தெருவில் 12 வீடுகளுக்கு ஆறு வாரம் பொறுப்பேற்பீர்களா?’ என்று கேளுங்கள். குறைவாகத்தான் கையெழுத்து விழும். ஆனால் வேலைக்கு ஆகிற ஆட்கள் அவர்கள்தான். மூன்று நாளுக்குள் போன் செய்யாவிட்டால் அவர்களும் கைநழுவிப் போவார்கள்.

பட்டறை

தயாரிப்பு, இடம், பேச்சாளர் எல்லாம் சேர்த்து 25 மணிக்குக் குறையாது. இலவச நிகழ்ச்சி என்றால் பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒருவர் வராமல் போவது சகஜம். வந்தவர்கள் ஆர்வமாகக் கேட்பார்கள், எல்லாம் புரிந்தது என்பார்கள். புரிவது செய்வதாக மாறுகிறதா என்பதுதான் கேள்வி. 1981இல் வெளியான அமெரிக்க உளவியலாளர் ஸ்காட் கெல்லரின் ஆய்வு, வீட்டு எரிசக்திச் சிக்கனப் பட்டறைக்கு வந்தவர்களைப் பின்னர் வீட்டிலேயே போய்ப் பார்த்தது. அறிவும் அக்கறையும் கூடியிருந்தன. ஆனால் 40 பேரில் ஒருவர் மட்டுமே வெந்நீர்க் கலனின் சூட்டைக் குறைத்திருந்தார். நீரைக் குறைக்கும் ஷவர் முனை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. மாட்டியவர்கள் 8 பேர்.

கையால் பழக வேண்டிய வேலைக்குப் பட்டறை சரி. உரக் குழி போடுவது அப்படிப்பட்டது: ஈரக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை, அட்டை இரண்டு மூன்று பங்கு, நாற்றம் வந்தால் காய்ந்தது போதவில்லை என்று பொருள். இதைத் தொட்டுப் பார்த்துத்தான் கற்க முடியும். வாளியில் பிரித்துப் போடுவதற்கு இரண்டு மணி நேர வகுப்பு தேவையில்லை.

நோட்டீஸும் இணையமும்

குடிநீர்க் கட்டண ரசீதோடு நகராட்சியே அனுப்பும் நோட்டீஸ் மலிவு. வாசகம் எழுத ஐந்து மணி போதும். அந்த வாசகத்தில்தான் கவனம் வேண்டும். ‘நம் நகரில் பலர் இன்னும் பிரிப்பதில்லை’ என்று எழுதினால், பிரிக்காமல் இருப்பதுதான் வழக்கம் என்று நாமே அறிவித்துவிடுகிறோம். அரிசோனாவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்காவில் சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு இதைச் சோதித்தது. ‘தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்ற பலகையைவிட, ‘பலர் எடுத்துப்போகிறார்கள்’ என்று வருந்திய பலகை இருந்தபோதுதான் அங்குள்ள கல்மரத் (கல்லாக மாறிய பழங்கால மரம்) துண்டுகள் அதிகம் களவு போயின.

இணையத்தில் பதிவு போடும் முன் சட்டத்தைப் பாருங்கள். அரசுக் குழுக்கள் முன்கூட்டியே அறிவித்து மக்கள் முன் மட்டுமே கூடிப் பேச வேண்டும் என்னும் திறந்த கூட்டச் சட்டம் உள்ள இடங்களில், உதாரணமாக 1953ஆம் ஆண்டு பிரவுன் சட்டம் நடப்பிலுள்ள கலிபோர்னியாவில், ஏழு பேர் குழுவில் நான்கு பேர் வாட்ஸ்அப்பில் குழு விஷயத்தை விவாதித்தாலே அது அறிவிக்காமல் நடத்திய கூட்டம் ஆகிவிடலாம். ஒருவர் மாற்றி ஒருவரிடம் பேசிக் கருத்தை ஒன்றாக்கினாலும் அதே சிக்கல்தான். ஆகவே ஒவ்வொரு பணிக்கும் மூன்று பேர் மட்டும். ஸ்டாலுக்கும் இதையே பின்பற்றுவது பாதுகாப்பு.

வீடு வீடாக, அல்லது தெருப் பொறுப்பாளர்

குழுவினரே கதவு தட்டினால், இருவர் சேர்ந்து மணிக்கு 15 வீடு பார்க்கலாம். மூன்றில் ஒன்று திறக்கும் என்று வைத்தால் ஐந்து உரையாடல், ஆள்மணிக்கு இரண்டரை. 150 வீட்டாரோடு பேச 60 மணி. திறப்பவருக்கும் வந்திருப்பது யார் என்று தெரியாது.

அதே தெருவில் வசிப்பவர் பேசினால் நிலைமை வேறு. யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், கதவும் திறக்கும். கலிபோர்னியாவின் கிளேர்மான்டில் ஷான் பெர்ன் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், அண்டை வீட்டுப் பொறுப்பாளர் நேரில் வந்து கேட்ட வீடுகளில் ஏறக்குறைய 28 சதவீதம் வாராவாரம் மறுசுழற்சி செய்தன. எழுத்து வேண்டுகோள் மட்டும் போன வீடுகளில் 12. ஒன்றும் போகாதவற்றில் 3. மற்ற வழிகளை நாங்கள் இதற்குக் கீழே வைப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

பன்னிரண்டு பொறுப்பாளர், ஆளுக்குப் பன்னிரண்டு வீடு: 144 வீடு. ஆள் சேர்க்க, ஒரு மாலை பயிற்சி தர, வாரம் ஒருமுறை போனில் விசாரிக்கக் குழுவுக்கு 35 மணி பிடிக்கும். முதல் சந்திப்பில் வாளி, ஒரு பக்கத் தாள், ‘இன்றிலிருந்து தொடங்குகிறீர்களா?’ என்ற ஒரு கேள்வி. இரண்டு வாரம் கழித்து மறு சந்திப்பு: ‘எது சிரமமாக இருக்கிறது?’ வாளி நாறுகிறது, ஈ வருகிறது என்பார்கள். அடியில் செய்தித்தாள் மடித்துப் போடச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த இரண்டாவது சந்திப்பைத் தவிர்த்தால் வாளி பல வீடுகளில் பரணுக்குப் போய்விடும்.

பொறுப்பாளர்கள் பாதியில் விலகுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வண்டி வராத நாளில் தெருவே அவர்களைப் பிடித்துக் கேட்கும். புகாருக்கான நகராட்சி எண்ணை அந்தத் தாளிலேயே பெரிதாக அச்சிடுங்கள். காலத்தையும் ஆறு வாரம் என்று முன்பே முடித்துச் சொல்லுங்கள். அடுக்குமாடிகளில் இந்த முறை அப்படியே எடுபடாது. பொதுத்தொட்டியில் யார் எதைப் போட்டார்கள் என்று தெரியாது. அங்கே முதலில் பேச வேண்டியது கட்டட நிர்வாகியிடமும் துப்புரவுப் பணியாளரிடமும்.

பலன் தெரிய வேண்டுமானால், தொடங்குவதற்கு முன் இரண்டு வாரமும் முடிந்தபின் நான்கு வாரமும் ஒரே கிழமையில் வாசலுக்கு வந்த வாளிகளை எண்ணுங்கள். பொறுப்பாளர் இல்லாத ஒரு தெருவையும் கூடவே எண்ணுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம்.

எங்கள் கணக்கில் இரண்டு ஸ்டாலுக்கு 40 மணி, இரண்டு சுற்று தெருப் பொறுப்பாளர் பணிக்கு 70, நோட்டீஸுக்கு 5, எண்ணுவதற்கு 20. மீதி 33 மணியைத் தொடாமல் வையுங்கள், ஆள் குறைவது உறுதி. முதல் ஆண்டில் பட்டறை வேண்டாம். வாளிகள் வந்து சேரும் தேதியை நகராட்சியிடம் எழுத்தில் வாங்கும்வரை பொறுப்பாளர்களைக் கதவு தட்ட அனுப்பவும் வேண்டாம்.