வெயிலில் கறுக்கும் கண்ணாடி: காசு கொடுக்க முன் வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள்

ஊருக்குள் வாகனத்தில் வந்து, பொதுநோக்கு மண்டபத்தில் மேசை போட்டு, "இலவசக் கண் பரிசோதனை" என்று சொல்லி நிறம் மாறும் கண்ணாடி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் அப்பாவிடம் 28,000 ரூபா வாங்கிக்கொண்டு சாதாரண பிளாஸ்டிக் லென்ஸைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதையே நம்பி இன்னும் எத்தனை வயதுபோனவர்கள் காசு கட்டியிருப்பார்களோ என்று நினைக்க வயிறு எரிகிறது.

அப்பாவுக்குக் கண்புரை சத்திரசிகிச்சை முடிந்த பிறகு வெளிச்சம் கூசுகிறது. இரணைமடுத் தண்ணீரில் செய்கிற வயல், சிறுபோகத்து வெயில், சோளகக் காற்று கிளப்புகிற புழுதி. அதனால் இப்படி ஒரு கண்ணாடி அவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. வந்தவர் ஊதா வெளிச்சம் அடிக்கிற சின்ன டோர்ச் ஒன்றை லென்ஸ் துண்டில் பிடித்துக் காட்டினார். துண்டு கறுத்தது. "ஐயா, இது வெள்ளி கலந்த லென்ஸ், அதுதான் இந்த விலை" என்றார்.

டோர்ச்சில் பொய் இல்லை. புற ஊதாக் கதிர் பட்டால் உண்மையான லென்ஸ் கறுக்கத்தான் செய்யும். ஆனால் அவர் காட்டிய துண்டு வேறு, அப்பாவின் பிரேமில் போட்டுத் தந்த லென்ஸ் வேறு. வெள்ளிக் கதையும் அப்படித்தான். 1960களில் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் கொண்டுவந்த லென்ஸ்களில் வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்கள் இருந்தன. அவை நிஜக் கண்ணாடி. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பிளாஸ்டிக். அதில் வேலை செய்வது வெள்ளி அல்ல, புற ஊதாக் கதிர் பட்டதும் வடிவம் மாறி வெளிச்சத்தை உறிஞ்சுகிற சாயம். பிளாஸ்டிக்கைக் கையில் தந்து வெள்ளிக்கு விலை சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

நட்ட நடு மத்தியானத்தில் வரம்பில் நின்றும் அப்பாவின் கண்ணாடி துளிகூடக் கறுக்கவில்லை. போனில் கேட்டபோது, "வன்னி வெக்கைக்கு அது மாறாது தம்பி" என்றார்கள். இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இதில் பாதி உண்மை. சூடு கூடினால் இந்த லென்ஸ் கறுப்பது குறையும், குளிர்ந்த இடத்தில் கூடுதலாகக் கறுக்கும். ஆனால் சூட்டில் குறைவாகக் கறுப்பது வேறு, கறுக்காமலே இருப்பது வேறு. வாகனத்துக்குள் இருக்கும்போது மாறாவிட்டால் அதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முன்கண்ணாடியே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை மறித்துவிடும்.

விடாமல் கேட்டதும் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போய், பழுப்பு லென்ஸ் போட்டுத் திருப்பித் தந்தார்கள். இது முதலாவதைவிட மோசம். வீட்டுக்குள்ளும் இருட்டு, பொழுதுபட்டாலும் இருட்டு. புற ஊதாத் தடுப்பு இல்லாமல் வெறும் நிறம் ஏற்றிய லென்ஸ் கண்ணுக்குக் கேடும்கூட. இருட்டில் கண்மணி விரியும், விரிந்த கண்மணிக்குள் அந்தக் கதிர் கூடுதலாகப் போகும். சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்கு இப்படி ஒன்றைக் கொடுக்க எப்படி மனம் வந்தது?

சோதிக்கிற வழி லேசானது. உங்கள் பிரேமில் போட்டுத் தந்த அதே லென்ஸில் பாதியைக் கடதாசியால் மூடி, திறந்த வெயிலில் ஓரிரு நிமிடம் பிடியுங்கள். கடதாசியை எடுத்தால் மூடிய பாதி வெளிறியும் மற்றப் பாதி கறுத்தும் தெரிய வேண்டும். பிறகு உள்ளே கொண்டுவந்து வையுங்கள், சில நிமிடங்களில் தெளிய வேண்டும். தெளிவதற்குக் கறுப்பதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும், அது குறை அல்ல. கடைக் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டாம்.

அப்புறம், பற்றுச்சீட்டு. அப்பாவுக்குத் தந்ததில் "கண்ணாடி 1" என்று மட்டும் இருக்கிறது. லென்ஸின் வகை, கம்பனிப் பெயர், விற்பவரின் நிரந்தர விலாசம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் முற்பணமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், தாமதிக்க வேண்டாம். நாங்கள் பற்றுச்சீட்டின் பிரதியோடு அனுப்பிவிட்டோம். அதே ஆட்களிடம் வாங்கியவர்கள் இருந்தால் நீங்களும் அனுப்புங்கள், கண்ணாடியை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.