மெடிக்கல் கோடிங் படிக்கப் போகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்: என் 42,000 ரூபாய் போச்சு

இன்டர்வியூவில் தோற்றுவிட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம். சென்னையில் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒரு மாடியில் நடக்கும் மெடிக்கல் கோடிங் பயிற்சி மையம். மெடிக்கல் கோடிங் என்றால், நோயாளியின் மருத்துவக் குறிப்பை (சார்ட்) படித்து, நோய்க்கு உரிய எண்ணை, அதாவது கோடைப் போடும் வேலை. ஃபீஸ் 42,000 ரூபாய்.

சேரும் அன்று அப்பாவும் வந்திருந்தார். கவுன்சிலர் மேடம் அவருக்கு டீ வரவழைத்தார். சுவர் முழுக்க வேலை கிடைத்தவர்களின் போட்டோ. "பொண்ணு மைக்ரோபயாலஜி. இதெல்லாம் அவளுக்கு அல்வா சாப்பிடுற மாதிரி. கோர்ஸ் முடியுறப்போ கையில ஆஃபர் லெட்டர் இருக்கும், நான் பொறுப்புப்பா." அந்த 'நான் பொறுப்பு'க்குத்தான் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

பாடம் எடுத்தவர் அதே மையத்தில் போன பேட்ச்சில் படித்தவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அவர் சொன்னது ஒரே வரி: "ஆரம்ப நிலைன்னா டி05, முத்திட்டா சி50." எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டோம்.

இன்டர்வியூவில் வந்த சார்ட் இது: பெண், வலது மார்பு, மேல் வெளிப்பகுதி, இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, ஸ்டேஜ் 1. ஆரம்ப நிலைதானே என்று டி05.11 (கடைசி 1 வலது பக்கத்துக்கு) போட்டேன். எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஸ்டேஜைப் பார்த்தா கோடு போடுவீங்க? பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படிம்மா."

பால் நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் டிசிஐஎஸ் வகைப் புற்றுநோய்க்குத்தான் டி05.1. நாளத்தின் சுவரைத் தாண்டிவிட்டால் (அதுதான் 'இன்வேசிவ்'), கட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சி50தான். அதில் ஸ்டேஜுக்கு எண்ணே கிடையாது. எந்தப் பகுதி, ஆணா பெண்ணா, எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் எண் மாறும். விடை சி50.411. ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர்) பாசிட்டிவ் என்று இருந்தால் கூடவே இசட்17.0. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது 42,000 வாங்கியவர்கள் இல்லை, என்னை ரிஜெக்ட் செய்தவர்!

அவர்கள் கொடுத்த புத்தகமோ ஜெராக்ஸ். அதில் மார்புக் கட்டிக்கு என்63 என்று ஒற்றை எண். அது 2017 அக்டோபரிலேயே பக்கவாரியாக, பகுதிவாரியாகப் பிரிந்துவிட்டது. அமெரிக்க சார்ட்டுக்குக் கோடு போடும் வேலை இது, வருஷா வருஷம் அக்டோபர் 1 அன்று கோடுகள் மாறும். பழைய ஜெராக்ஸை வைத்து என்ன கிழிப்பது?

நேரில் போய்க் கேட்டேன். "சார் மீட்டிங்ல இருக்கார்." போன் செய்தால், "அடுத்த டிரைவ்ல பாக்கலாம்மா." பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரல் மாறியது: "உன் கம்யூனிகேஷன் வீக். அதுக்கு நாங்க என்ன பண்றது?" அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். அப்பாவிடம் "நான் பொறுப்பு" என்ற மேடம் இப்போது போனையே எடுப்பதில்லை.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்த ஃபீஸையும் முதலிலேயே கட்டாதீர்கள். நடத்துபவருக்கு சிபிசி (மெடிக்கல் கோடிங் சான்றிதழ்) இருக்கிறதா, உண்மையில் சார்ட் பார்த்து வேலை செய்தவரா என்று கேளுங்கள். நடப்பு ஆண்டின் கோடு புத்தகத்தைக் கண்ணால் பாருங்கள். வேலை வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். டெமோ வகுப்பில் "ஸ்டேஜ் 1-க்கு என்ன கோடு?" என்று கேளுங்கள், டி05 என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ரசீது பத்திரமாக இருக்கிறது. 42,000 ரூபாயை விடுவதாக இல்லை.